கைக்கு வரும் லாபம், கேள்விக்கு உட்படும் விலை

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகிய துறைகளின் பங்குகளை வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்களிடம் இரண்டு மனக்குறைகள் வேரூன்றிவிட்டன. நிறுவனம் வரி கட்டி மிஞ்சிய லாபத்திலிருந்துதான் ஈவுத்தொகை வருகிறது, அதற்கும் நம்மிடம் மறுபடி வரி வாங்குகிறார்களே என்பது முதலாவது. நாம் நம்பி வாங்கிய பங்கைச் சிலர் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி 'ஷார்ட்' அடித்துக் கவிழ்த்துவிடுகிறார்களே என்பது இரண்டாவது. முதல் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால், பாதிப்பு பலரும் நினைக்கும் வழியில் வருவதில்லை. இரண்டாவது குறையில் வருத்தம் உண்மையானது. கோபம்தான் தவறான இடத்தில் விழுகிறது. நிறுவனத்தின் உள்கணக்கைப் பார்க்க வழியில்லாத சாமானியருக்குப் பங்குச் சந்தை தரும் பாதுகாப்புகள் மிகச் சில. லாபம் உண்மைதானா என்பதற்குச் சான்றாக நிற்பது ஈவுத்தொகை. விலை நியாயம்தானா என்பதைச் சோதிப்பது ஷார்ட் செல்லிங். நம் வரிச்சட்டம் முதலாவதைச் சுருக்குகிறது. நம் சந்தை விதிகள் இரண்டாவதை ஒடுக்கி வைத்திருக்கின்றன. இரண்டையும் திருத்த வேண்டும் என்று சிறு முதலீட்டாளர்களே கேட்க வேண்டும்.

எரிசக்தித் துறையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஒரு சுரங்கமோ சுத்திகரிப்பு ஆலையோ எரிவாயுக் குழாய்ப் பாதையோ போட்ட பணத்தைத் திருப்பித் தரப் பல ஆண்டுகள் ஆகும். விற்பனை விலையும் பெரும்பாலும் நிறுவனத்தின் கையில் இல்லை. 2022 ஏப்ரல் - ஜூன் காலாண்டில் கச்சா எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தபோது பெட்ரோல், டீசல் விலை அதற்கேற்ப உயர்த்தப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஒரு காலாண்டில் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் அடைந்தது. இந்தியன் ஆயிலின் நஷ்டம் ஏறத்தாழ 2,000 கோடி. அதே ஆண்டு ஜூலை 1 அன்று உள்நாட்டில் எடுக்கப்படும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி வந்தது. பலமுறை மாற்றப்பட்ட அந்த வரி 2024 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. மாநில மின் பகிர்மானக் கழகங்கள் வைக்கும் பாக்கி எப்போது வரும், ஒரு ஆலையின் ஆயுளை எத்தனை ஆண்டுகளாகக் கணக்கிடுவது, அரசு எவ்வளவு ஈடு தரும் என்ற கணிப்புகள் பலவற்றைக் கூட்டிக் கழித்தே இத்துறையின் லாபக் கணக்கு எழுதப்படுகிறது. இத்தகைய துறையில் ஏட்டில் எழுதிய லாபத்தை மட்டும் நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போடுவது பாதுகாப்பல்ல. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

வரியிலிருந்து தொடங்குவோம். 1997இல் நிதியமைச்சராக இருந்த ப.சிதம்பரம், ஈவுத்தொகை வழங்கும்போது நிறுவனமே வரி கட்டிவிடும் முறையைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் 10 சதவீதமாக இருந்த அந்த ஈவுத்தொகை விநியோக வரி, பின்னாளில் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 20.56 சதவீதமானது. 2020 ஏப்ரல் முதல் அது ரத்தாகி, ஈவுத்தொகை பங்குதாரரின் வருமானத்தோடு சேர்க்கப்பட்டு அவரவர் வரி அடுக்குப்படி வரி விதிக்கப்படுகிறது. புதிய நிறுவன வரி முறையைத் தேர்ந்த நிறுவனம் ஒன்று ஈட்டும் 100 ரூபாய் லாபத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவன வரி 25.17 ரூபாய் போக 74.83 மிஞ்சும். பழைய முறை இன்றும் இருந்திருந்தால், வருமானமே இல்லாத மூதாட்டிக்கும் 30 சதவீத அடுக்கில் இருக்கும் வசதியானவருக்கும் கிடைப்பது ஒரே தொகை: ஏறத்தாழ 62 ரூபாய். இன்றைய முறையில் வரி வரம்புக்குள் வராதவருக்கு 74.83 ரூபாய் முழுதாகக் கிடைக்கும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் செஸ் போக 51.48 மட்டுமே. ஏழைக்கும் வசதியானவருக்கும் ஒரே விகிதம் என்ற அநீதியை 2020ஆம் ஆண்டின் மாற்றம் போக்கியது. அதை மறுப்பதற்கில்லை.

2025 - 26 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவருக்கு வரித் தள்ளுபடி கிடைக்கிறது. அடுக்குப்படி வரி விதிக்கப்படும் ஈவுத்தொகையும் அந்தத் தள்ளுபடிக்குள் அடங்கும். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீத டிடிஎஸ் பிடிக்கும். உரிய படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம், அல்லது கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆக, ஓய்வூதியத்தோடு ஈவுத்தொகையும் சேர்ந்து 12 லட்சத்துக்குள் வாழும் குடும்பத்துக்கு ஈவுத்தொகை வரி என்ற சுமை இல்லை. அப்படியானால் சிறு முதலீட்டாளருக்கு இந்த வரியால் பாதிப்பே இல்லையா என்று கேட்கலாம். பாதிப்பு உண்டு, அது வேறு வாசல் வழியாக வருகிறது. எவ்வளவு ஈவுத்தொகை தருவது என்பதைத் தீர்மானிப்பவர் சிறு முதலீட்டாளர் அல்லர், நிறுவனர். பங்குகளைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனர், பெறும் ஈவுத்தொகையில் 35.88 சதவீதம் வரை வரியாகக் கட்ட நேரிடும். அதே லாபத்தை நிறுவனத்துக்குள்ளேயே நிறுத்திவைத்து, உயர்ந்த விலையில் என்றாவது பங்கை விற்றால், நீண்டகால மூலதன ஆதாய வரி கூடுதல் வரியோடு சேர்த்தும் 15 சதவீதத்தைத் தாண்டாது. விற்காத வரை அதுவும் கிடையாது. தனக்கு நூற்றுக்கு 35 ரூபாய்க்கு மேல் செலவு வைக்கும் வழியை நிறுவனர் ஏன் தேர்ந்தெடுப்பார்? அவர் தேர்ந்தெடுக்காதபோது, ஒரு ரூபாயும் வரி கட்டத் தேவையில்லாத சிறு பங்குதாரருக்கும் பணம் வந்து சேருவதில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவில் 2003இல் ஈவுத்தொகைக்கான உச்ச வரி 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் விளைவை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ராஜ் செட்டி, இமானுவேல் சாயெஸ் இருவரும், நிறுவனங்கள் வழங்கிய ஈவுத்தொகை ஏறத்தாழ 20 சதவீதம் கூடியதைக் கண்டார்கள். நிர்வாகிகளிடமே பெருமளவு பங்குகள் இருந்த நிறுவனங்களில் அந்த உயர்வு இன்னும் தெளிவாக இருந்தது. தீர்மானிப்பவரின் சொந்த வரிக் கணக்கு, எல்லாப் பங்குதாரர்களின் வரவையும் நிர்ணயிக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. நம் நாட்டிலும் 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பழைய முறை முடிவதற்கு முன்பாகப் பல நிறுவனங்கள் அவசரமாக இடைக்கால ஈவுத்தொகை அறிவித்தன. அதே சமயம், அமெரிக்க வரிக்குறைப்பால் நிறுவனங்களின் மூலதனச் செலவு கூடவில்லை என்று டேனி யாகன் என்ற பொருளியலாளர் பின்னர் காட்டினார். எனவே ஈவுத்தொகை வரியைக் குறைத்தால் தொழில் பெருகும், வேலைவாய்ப்பு கூடும் என்று வாதிடுவது மிகை. லாபம் கைக்கு வரும் என்ற அளவில் மட்டும்தான் சான்று இருக்கிறது. சிறு முதலீட்டாளருக்கு அதுவே போதுமான காரணம்.

பொதுத்துறை எரிசக்தி நிறுவனங்கள் தாராளமாக ஈவுத்தொகை தருவதன் காரணமும் இங்கே விளங்கும். அங்கே நிறுவனர் மத்திய அரசு; அது தனக்குத்தானே வரி கட்டுவதில்லை. வரிக்குப் பிந்தைய லாபத்தில் குறைந்தது 30 சதவீதம், அல்லது நிகர மதிப்பில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்பது 2024இல் திருத்தப்பட்ட அரசின் வழிகாட்டுதல். கோல் இந்தியா 2024 - 25ஆம் ஆண்டுக்குப் பங்குக்கு 26.50 ரூபாய் கொடுத்தது. 400 ரூபாயை ஒட்டிய விலைக்கு இது 6 சதவீதத்துக்கு மேல். 'இது அரசு தன் பற்றாக்குறையை அடைக்க நிறுவனத்தைக் கறப்பது அல்லவா?' என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், அரசு தன் நிறுவனத்திலிருந்து பணம் எடுக்க வேறு வழிகளும் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2014 ஜனவரியில் கோல் இந்தியா பங்குக்கு 29 ரூபாய் இடைக்கால ஈவுத்தொகை அறிவித்தபோது, ஏறத்தாழ 90 சதவீதப் பங்கு வைத்திருந்த அரசுக்குப் பெருந்தொகை போனது; 100 பங்கு வைத்திருந்தவருக்கும் 2,900 ரூபாய் வந்தது. 2018 ஜனவரியில் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசு வைத்திருந்த பங்குகளை ஓஎன்ஜிசி 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அரசின் பங்கு விற்பனை இலக்கு நிறைவேறியது, ஓஎன்ஜிசியின் கடன் ஏறியது, அதன் சிறு பங்குதாரருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. இந்த இரண்டு வழிகளில் சிறியவருக்கும் பெரியவருக்கும் பங்குக்குப் பங்கு சமமாகக் கொடுத்தது ஈவுத்தொகைதான்.

ஈவுத்தொகை நிலையானது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மணலியில் இயங்கும் சென்னை பெட்ரோலியம் 2022 - 23க்குப் பங்குக்கு 27 ரூபாயும், 2023 - 24க்கு 55 ரூபாயும் தந்தது. 2024 - 25க்குத் தந்தது 5 ரூபாய்தான். சுத்திகரிப்பு லாப வரம்பு சுருங்கியதும் ஈவுத்தொகையும் சுருங்கியது. 2020 ஏப்ரலில் ஷெல் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதன்முறையாகத் தன் ஈவுத்தொகையைக் குறைத்தது. கடந்த ஆண்டின் தொகையை நிரந்தர வருமானமாக எண்ணிப் பங்கு வாங்குவோர் ஏமாறுவார்கள். ஆயினும் இந்த ஏற்ற இறக்கமே ஈவுத்தொகையின் பயனைக் காட்டுகிறது. கணக்கு அறிக்கையைப் படிக்கத் தெரியாதவருக்கும் 55 ரூபாய் 5 ரூபாயானது புரியும். வளரும் நிறுவனங்களுக்குப் பணம் உள்ளேயே தேவைப்படும் என்பதும் சரியே; சூரிய மின்சாரம், காற்றாலைத் திட்டங்களில் இறங்கியிருப்பவை அதிக ஈவுத்தொகை தர இயலாது. அதற்காக அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ரொக்கச் சான்று தராத நிறுவனத்தின் விலையை வேறொரு சோதனைக்கு உட்படுத்தியே தீர வேண்டும்.

அந்தச் சோதனைதான் ஷார்ட் செல்லிங். விலை அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்று கருதுபவர், பங்கைக் கடனாக வாங்கி விற்று, இறங்கிய பிறகு வாங்கித் திருப்பிக் கொடுத்து இடைவெளியை லாபமாக அடைகிறார். விலை ஏறிவிட்டால் நஷ்டம் அவருடையது. அந்த நஷ்டத்துக்கு வரம்பும் இல்லை. பங்குத் தரகர் கேதன் பரேக் விவகாரத்தில் சந்தை சரிந்த 2001 மார்ச்சில், பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி இதற்குத் தடை போட்டது. 2007 டிசம்பரில் நிறுவன முதலீட்டாளர்கள் உட்பட எல்லாருக்கும் அனுமதி வகுக்கப்பட்டு, 2008 ஏப்ரலில் பங்குக் கடன் திட்டம் தொடங்கியது. கடன் வாங்காமலே விற்றுவிட்டுப் பங்கை ஒப்படைக்காமல் விடுவதற்கு இந்தியாவில் இடமில்லை. 2024 ஜனவரியில் செபி அதை மீண்டும் வலியுறுத்தியது. விதிகள் ஏட்டில் ஒழுங்காக இருக்கின்றன. நடப்பில் பங்குக் கடன் சந்தை வறண்டு கிடக்கிறது. ஒரே நாளில் முடிக்க வேண்டிய விற்பனையும் முன்பேர (ஃபியூச்சர்ஸ்) வர்த்தகமும் மட்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. முன்பேரப் பட்டியலில் இல்லாத பங்கின் விலை எவ்வளவு ஏறினாலும், அதைச் சந்தேகிப்பவர் தன் சந்தேகத்தின் மேல் பணம் வைக்க வழி அநேகமாக இல்லை.

அதன் விளைவை 2023இல் நாடு பார்த்தது. அந்த ஜனவரியில் அதானி டோட்டல் கேஸ் பங்கு 3,500 ரூபாய்க்கு மேல் விற்றது. அது ஆண்டுக்குக் கொடுத்த ஈவுத்தொகை பங்குக்கு 25 பைசா. ரொக்கச் சான்று என்று சொல்ல ஏதும் இல்லாத அந்த விலையைச் சோதிக்க உள்நாட்டில் வழியும் இல்லை. அந்தப் பங்கு அப்போது முன்பேரப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2024 நவம்பரில்தான் சேர்க்கப்பட்டது. எனவே சந்தேகம் அமெரிக்காவிலிருந்து, ஒரே நாளில், ஒரே அறிக்கையாக வந்து விழுந்தது. அமெரிக்காவில் வர்த்தகமாகும் கடன் பத்திரங்கள், இந்தியாவுக்கு வெளியே நடக்கும் டெரிவேட்டிவ்கள் வழியாக அதானி குழுமத்துக்கு எதிராக ஷார்ட் நிலை எடுத்திருப்பதாக அறிவித்துக்கொண்டு, ஜனவரி 24 அன்று ஹிண்டன்பர்க் ரிசர்ச் என்ற நிறுவனம் குழுமத்தின் மீது குற்றச்சாட்டுகளை அடுக்கிய தன் அறிக்கையை வெளியிட்டது. குழுமம் அனைத்தையும் மறுத்து 413 பக்கப் பதில் அளித்தது. ஆனாலும் பிப்ரவரி முடிவதற்குள் அந்த எரிவாயுப் பங்கு 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெளிப்பட்டிருக்க வேண்டிய மறுப்பு, தேங்கி நின்று ஒரே மாதத்தில் உடைந்தது. அணையில் மதகே வைக்காமல் கட்டினால் வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டுதான் வெளியேறும்.

இந்த விவகாரத்தில் சட்டம் என்ன சொன்னது என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். 2024 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் செபியின் விசாரணையைச் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு மாற்ற மறுத்தது. 2025 செப்டம்பரில் செபி, தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் குறித்த குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று உத்தரவிட்டது. அப்படியானால் ஷார்ட் செய்தவர்கள் அநியாயம்தானே செய்தார்கள் என்று வாதிடலாம். இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனம் தவறு செய்ததா என்பது ஒரு கேள்வி. 3,500 ரூபாய் சரியான விலையா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் செபியின் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்த அந்தச் செப்டம்பரிலும், அந்தப் பங்கு 1,000 ரூபாய்க்குக் கீழேதான் இருந்தது. குற்றச்சாட்டு விலகிய பின்னும் பழைய விலை திரும்பவில்லை என்றால், அந்த விலையைத் தாங்கிப் பிடிக்க லாபம் இல்லை என்றுதானே பொருள்? விழுந்தபோது விற்றவருக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். உச்சத்தில் வாங்கியவரை அந்த உச்சத்துக்கு அழைத்துச் சென்றது எது என்று கேட்பதில்லை. சோதனையில்லாத ஏற்றம்தான் அவருடைய சேமிப்பை முதலில் பறித்தது.

உலக அனுபவமும் இதையே உணர்த்துகிறது. மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்திட்டத்தால் நாம் அறிந்த என்ரான், 2000 ஆகஸ்டில் 90 டாலர் விலையில் அமெரிக்காவின் செல்லப் பங்காக இருந்தது. கணக்குகளைப் படித்துச் சந்தேகித்த முதலீட்டாளர் ஜிம் சானோஸ் அந்த நவம்பரிலேயே அதை ஷார்ட் செய்யத் தொடங்கினார். தணிக்கையாளர்களும் தரமதிப்பீட்டு நிறுவனங்களும் கண்டுகொள்ளாத ஓட்டையை, அதைக் கண்டுபிடித்தால் பணம் கிடைக்கும் என்றிருந்தவர் கண்டுகொண்டார். 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. ஜெர்மனியில் 2019 பிப்ரவரியில் வயர்கார்டு என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தின் பங்கை ஷார்ட் செய்ய அரசுக் கண்காணிப்பு அமைப்பே தடை விதித்தது; 2020 ஜூனில் கணக்கில் இருந்த 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று தெரியவந்து நிறுவனம் சரிந்தது. தடை நீடித்த காலத்தில் நம்பி வாங்கியவர்கள்தான் அதன் விலையைக் கொடுத்தார்கள். 2008 நெருக்கடியில் பல நாடுகள் விதித்த தடைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பெபர், பகானோ இருவரும், அத்தடைகள் பெரும்பாலும் விலையைத் தாங்கிப் பிடிக்கவில்லை, மாறாக வாங்குவதையும் விற்பதையும் கடினமாக்கி, உண்மை விலை வெளிப்படுவதைத் தாமதப்படுத்தின என்று காட்டினார்கள்.

வலுவான ஆட்சேபம் ஒன்று இன்னும் இருக்கிறது. 2021 - 22 முதல் 2023 - 24 வரையிலான மூன்று ஆண்டுகளில் முன்பேர, ஆப்ஷன் (எஃப் அண்ட் ஓ) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டம் அடைந்தார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியின் ஆய்வே கூறுகிறது. இந்நிலையில் ஷார்ட் செல்லிங்குக்குக் கதவைத் திறந்தால் இன்னும் பல குடும்பங்கள் நாசமாகாதா? இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. சிறு முதலீட்டாளர் ஷார்ட் செய்ய வேண்டும் என்பதல்ல இந்தக் கட்டுரையின் வாதம். அவர் அதில் இறங்கவே கூடாது. கணக்கைப் படிக்கத் தெரிந்த, நஷ்டத்தைத் தாங்கக்கூடிய நிறுவனங்கள் அதைச் செய்யட்டும்; அவர்கள் செய்வதால் கிடைக்கும் நியாயமான விலை சிறியவருக்குப் பயன்படட்டும். வதந்தி பரப்பி விலையைக் கவிழ்ப்பவர்களைத் தண்டிக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால், பொய்ச் செய்தியால் விலையை ஏற்றிவிடுவதும் அதே குற்றம்தான். ஏற்றிவிடுபவர் மீது வராத கோபம் இறக்குபவர் மீது மட்டும் வருவது சிறு முதலீட்டாளரின் நலனுக்கே எதிரானது.

ஈவுத்தொகையும் ஷார்ட் செல்லிங்கும் நேரடியாகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பங்கைக் கடன் வாங்கி விற்றவர், கடன் காலத்தில் அறிவிக்கப்படும் ஈவுத்தொகையைப் பங்கின் உரிமையாளருக்குத் தன் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் ரொக்கம் தரும் பங்கை ஷார்ட் செய்பவருக்கு அந்த 6 சதவீதமும் சுமை; 25 பைசா தரும் பங்கில் அந்தச் சுமை இல்லை. லாபத்தை உண்மையாகப் பகிர்ந்து கொடுக்கும் நிறுவனம் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டும் 'கரடி'களுக்கு எதிராகத் தனக்குத்தானே ஒரு வேலி போட்டுக்கொள்கிறது. ஷார்ட் செல்லிங்கைத் தடைசெய்யக் கோரும் நிர்வாகங்களுக்குச் சிறு பங்குதாரர்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: தடை கேட்காதீர்கள், ஈவுத்தொகை கொடுங்கள்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. குறைந்த அடுக்கில் இருப்பவர்களுக்கு இன்றைய சலுகை அப்படியே தொடரட்டும். அதற்கு மேலே உள்ளவர்களுக்கு ஈவுத்தொகைக்கும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கும் ஒரே வரி விகிதம் வர வேண்டும். இதில் நிறுவனர்களுக்கும் சலுகை போகும் என்பதை மறைக்கத் தேவையில்லை. கொடுக்கத் தீர்மானிப்பவர் அவர் என்பதால்தான் அந்தச் சலுகையால் பயன் உண்டு. விநியோக வரியை நீக்கியபோது ஆண்டுக்கு 25,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று 2020 பட்ஜெட் மதிப்பிட்டது. எனவே கருவூலத்தின் கவலையும் புறக்கணிக்கத் தக்கதல்ல. மிகப் பெரிய மூலதன ஆதாயங்களின் வரியை உயர்த்தி, ஈவுத்தொகை வரியை இறக்கி, இரண்டையும் நடுவே ஒரு புள்ளியில் சந்திக்க வைத்தால் இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டலாம். சந்தை விதிகளைப் பொறுத்தவரை, எல்ஐசி, பரஸ்பர நிதிகள், சிறு பங்குதாரர்கள் ஆகியோர் எளிதாகத் தங்கள் பங்குகளைக் கடன் கொடுத்துக் கட்டணம் பெறும்படி பங்குக் கடன் திட்டத்தைச் சீரமைக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் பங்குகள் அனைத்தும் அதற்குள் வர வேண்டும். ஒரு நிறுவனத்தின் மூலதனத்தில் 0.5 சதவீதத்தை எட்டும் ஷார்ட் நிலையை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் பெயரோடு வெளியிட வேண்டும். அதே விதி இங்கும் வந்தால், யார் எதைச் சந்தேகிக்கிறார்கள் என்பதைச் சிறு முதலீட்டாளரும் முன்கூட்டியே அறிவார்.

சட்டம் மாறக் காலம் பிடிக்கும். அதுவரை எந்த எரிசக்திப் பங்கை வாங்கும் முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது சிறு முதலீட்டாளரின் கையில் இருக்கிறது. இந்த நிறுவனம் சொல்லும் லாபத்தில் எவ்வளவு ரொக்கமாகப் பங்குதாரர் கைக்கு வந்திருக்கிறது? இந்த விலையை மறுக்க விரும்புபவருக்கு அதற்கான வழி திறந்திருக்கிறதா? இரண்டுக்கும் விடை இல்லாத பங்கு, எவ்வளவு வேகமாக ஏறினாலும், பரிசோதிக்கப்படாத வாக்குறுதி மட்டுமே. ஒரு குடும்பத்தின் சேமிப்பை அதன் மேல் வைக்கக்கூடாது.